சுவருக்கு வெளியே ஒரு இன்ஜின்

எனக்குப் பிரிக்கத் தெரியும், சேர்க்கத் தெரியாது. கனகம்மாசத்திரத்துக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது பொருத்தமான வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அடிபட்ட லாரியோ, ஓட முடியாத காரோ, துருப்பிடித்த ஆட்டோவோ எது வந்தாலும் சுத்தியலும் உளியுமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். பொழுது சாய்வதற்குள் இரும்பு ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம் என்று குவிந்துவிடும். எந்தச் சாமான் எதற்காக அந்த வண்டியில் இருந்தது என்று நான் யோசித்ததில்லை. எடைக்குப் போகிற பொருளைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் என் பங்குக்கும் சேர்த்து என் மனைவிதான் பேசுவாள். கல்யாணமான புதிதிலிருந்தே அவள் ஆர்.கே.பேட்டை ரோட்டில் ஒரு விசைத்தறி ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் டவுன் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாள். தலைமுடி, புருவம், ரவிக்கைத் தையல் எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். முதலில் இருமல் வந்தது. பிறகு படி ஏறினால் மூச்சு இளைத்தது. கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இன்னும் அந்தத் தூசியிலேயே நின்னீங்கன்னா, நான் மருந்து எழுதறது வீண்."

அதனால்தான் மாவு விற்கத் தொடங்கினாள். கல்யாணச் சத்திரம் ஒன்றில் கழித்துவிட்ட பெரிய கிரைண்டரை வாங்கிப்போட்டோம். எங்கள் ஊரில் மாவு விற்கிறவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, சஷ்டி, அமாவாசை என்று மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு விரதம் வரும். விரதம் இருப்பவர்கள் ராத்திரி சோறு தொடமாட்டார்கள். பலகாரம்தான். எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வருகிற கூட்டமும் உறவினர் வீடுகளில் தங்கும். வந்தவர்களுக்கு இட்லி ஊற்றாத வீடு எது? கிருத்திகையன்று எங்கள் வாசலில் பாத்திரங்கள் வரிசையில் நிற்கும். ஆட்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள், பாத்திரம்தான் இடம் பிடிக்கும்.

ஒரே வருஷத்தில் அவள் நெஞ்சில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி அவள் தூங்கும்போது காது கொடுத்துக் கேட்பேன்.

அப்புறம் கரண்டு போக ஆரம்பித்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் நேரம் சொல்லி நிறுத்தினார்கள். பிறகு சொல்லாமலே போய்விடும். எங்கள் ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று செய்தி கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த வெயிலில் ஊறிய உளுந்து யாருக்காகவும் காத்திருக்காது. கொழகொழத்துப்போய் வாடை அடிக்கும். பாதி அரைத்த அரிசியோடு கிரைண்டர் நின்றுவிட்டால் அதைக் கையால் சுற்றிக்கூடப் பார்ப்பாள். நாலு சுற்றிலேயே மூச்சு வாங்கும்.

ஒருநாள் அப்படி வீணாகிப்போன மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்டியே போனா நான் ஷெட்டுக்குத்தான் போவணும்ங்க. அங்க பெரிய ஜெனரேட்டர் வாங்கி வெச்சிகீறாங்களாம். கரண்டு போனாலும் தறி நிக்கறதில்லையாம்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு லோடு ஆட்டோ வந்தது. மூன்று சக்கரமும் கோணிப் போயிருந்தன. பின்னால் இருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் மட்டும் அடிபடாமல் இருந்தது. சுத்தியலை ஓங்கியவன் இறக்கிவிட்டேன். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஊட்டுக்கு எடுத்துகினு போறியா? பாயாசமா வெக்கப்போற?" என்றார். தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சேர்க்கத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். அதனால் பாவாவைக் கூப்பிட்டேன். என் அக்காவின் வீட்டுக்காரர். ஆந்திராவில் நகரிப் பக்கத்துக்காரர், தெலுங்கு கலந்துதான் பேசுவார். லாரி கிளீனராக இருந்து, டிரைவராகி, பிறகு இடுப்பு வலியால் வீட்டோடு இருந்தார். இந்தியாவில் எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் அங்கே தன் லாரி எப்படி நின்றது, அதைத் தான் எப்படிக் கிளப்பினேன் என்று ஒரு கதை வைத்திருப்பார். அவர் பேசுவதற்கும் நான் கேட்பதற்குமாகவே அமைந்த சொந்தம் அது.

பாவா வந்து இன்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பீடியைப் பற்றவைத்தார்.

"ஏமிரா மச்சான், ஜெனரேட்டர்னா இன்னான்னு நெனச்ச? ஒண்ணும் கெடயாது. ஒரு இன்ஜின், ஒரு டைனமோ, நடுவுல ஒரு பெல்ட்டு. அவ்ளோதான். கார் ஓடறச்ச லைட்டு எரியுதே, எங்கேர்ந்து எரியுது? உங்க நைனாவா வந்து கொளுத்தறாரு?"

"ஆங்" என்றேன்.

"போ. ஒரு கார் டைனமோ எடுத்துகினு வா. ஃபேன் பெல்ட்டும் வோணும்."

பழைய வாடகைக் கார் ஒன்றிலிருந்து எடுத்து வந்தேன். வாசலில் கட்டைகளை அடுக்கி, இன்ஜினை அதன்மேல் இறுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினோம். என் மனைவி சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, கடைத்தெருவிலிருந்து ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து இன்ஜினுக்குப் போட்டாள். பாவா கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் தெருவே அதிர அது கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் மாலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பெல்ட்டுக்கும் அது ஓடுகிற புல்லிச் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிய சாமந்தி இதழ் இதழாக எங்கள் மேலெல்லாம் தெறித்தது. பெல்ட்டு கழன்று பாவாவின் காலடியில் விழுந்தது.

"சாமி மாலைய ஏத்துகிச்சி" என்றாள் என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏத்துகிச்சா? தின்னுட்ச்சிம்மா!" என்றார் பாவா, தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டபடி.

பெல்ட்டை மறுபடி மாட்டி, ஒரு கார் விளக்கைக் கொடுத்துப் பார்த்தோம். பகலிலேயே கண் கூசுகிற மாதிரி எரிந்தது. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பாவா வேட்டியை மடித்துக் கட்டி, கிரைண்டர் ஒயரை எடுத்துச் செருகினார். கிரைண்டர் அசையவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. இன்ஜினை முறுக்கிப் பார்த்தார். புகைதான் அதிகமானது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது குடுக்கறது பன்னெண்டு வோல்ட்டு. கிரைண்டர் கேக்கறது எரநூத்தி முப்பது. எலியக் கட்டி ஏர் ஓட்டறீங்களாய்யா?"

அவர் போனபிறகு பாவா கொஞ்ச நேரம் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "மச்சான், அப்போ இருவது டைனமோ சேத்து வரிசையா கட்டிட்டா?"

சிரிக்க வேண்டாம். நானும் நம்பினேன். மறுநாள் கடையில் இரும்புக் குவியலையெல்லாம் கிளறி டைனமோ தேடினேன். நாலுதான் கிடைத்தது. நாலையும் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் தூக்கிவந்து வாசலில் இறக்கியபோது என் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தபடி கேட்டாள்:

"ஏங்க, கரண்டு எதுக்கு?"

"கிரைண்டருக்கு."

"கிரைண்டருக்கு எதுக்கு?"

"சுத்தறதுக்கு."

"அதான், அந்த இன்ஜினு ஏற்கெனவே சுத்திகினுதான கீது? நாங்க மொதல்ல வேல செஞ்ச பழைய ஷெட்டுல ஒரே மோட்டாருதாங்க. மேல ஒரு தண்டு ஓடும். அதுலேர்ந்து எல்லாத் தறிக்கும் பெல்ட்டு போட்டிருப்பாங்க. இதுலேர்ந்தும் அப்டியே ஒரு பெல்ட்டு போட முடியாதா?"

பாவா பீடியைக் கீழே போட்டார். கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரிதான். அடியில் சின்ன மோட்டார். அதிலிருந்து ஒரு பெல்ட்டு பெரிய சக்கரத்துக்குப் போகிறது. மோட்டாரிடமிருந்து பெல்ட்டைக் கழற்றி இன்ஜினிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

"நானும் இதத்தான் சொல்ல வந்தன்" என்றார் பாவா.

"ஆமாண்ணா, வாய்வரைக்கும் வந்துச்சி, பீடி மறிச்சிகிச்சி" என்றாள் அவள்.

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒரு பெரிய புல்லி வைத்து வேகத்தைக் குறைத்தோம். கல் சுற்றியது. கரண்டு இல்லாத பட்டப்பகலில் எங்கள் வீட்டில் மாவு அரைந்தது. அன்று அவள் முகத்தில் பார்த்ததை எழுத எனக்கு வார்த்தை வராது.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. இன்ஜினை வீட்டுக்கு உள்ளேயே, கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். காரணம் நான்தான். நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பக்கத்துப் போர்ஷன். கிரைண்டர் இருந்த அறையின் சுவருக்கு வெளியே இருந்த சந்து வீட்டுச் சொந்தக்காரருடையது. இன்ஜினை அங்கே வைக்க வேண்டுமானால் சுவரில் ஓட்டை போட வேண்டும். அதற்கு அவரிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கார ஐயர் மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பம். வயதாகி வேலையை விட்டிருந்தார். குரல் கனமாக இருக்கும். வாடகை கொடுக்கப் போனால்கூட அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். சுவரை இடிக்கிறேன் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? புகை போக ஒரு குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த கிருத்திகையன்று காலையிலேயே கரண்டு போயிற்று. ஊரில் வேறு எங்கும் மாவு இல்லை. எங்கள் வாசலில் பாத்திர வரிசை தெருமுனைவரை போனது. இன்ஜின் விடாமல் ஓடியது. எல்லோருக்கும் கொடுத்தோம்.

சாயங்காலம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பாத்திரத்தோடு வந்தார்கள்.

"ஏம்மா, மாவுல மண்ணெண்ண ஊத்திட்டியா?"

"நாள் பூரா தண்ணிகூட குடிக்காம கீறோம். மொத இட்லிய வாயில வெச்சா லாரி டேங்க் மாதிரி கீதே!"

எங்களுக்குத் தெரியவே இல்லை. நாள் முழுக்க அந்த அறையில் நின்ற மூக்குக்கு டீசல் வாடை பழகிப்போயிருந்தது. மாவு எல்லா வாடையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று அவளுக்கும் தெரியவில்லை. யாரோடும் வாதாடாமல் எல்லாப் பாத்திரத்தையும் வாங்கி, காசைத் திருப்பிக் கொடுத்தாள். விரதம் இருந்தவர்கள் வாழைப்பழத்தோடு படுத்தார்கள். மாவை வாளியில் ஊற்றிப் பக்கத்து வீட்டு எருமைக்கு வைத்தாள். எருமை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்: "ஷெட்டு மேஸ்திரிகிட்ட பேசிட்டங்க. அமாவாச கழிச்சி வரச் சொன்னாரு. மூக்குல துணி கட்டிகினு நிக்கறன். ஒண்ணும் ஆவாது."

அமாவாசைக்கு அதிக நாள் இல்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவள் முன்பும்தான் நின்றாள். அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் துணிக்குள்ளேயும் புகுந்து வந்ததுதான்.

"நான் போய் ஐயர்கிட்ட பேசறன் மச்சான்" என்றார் பாவா.

"நீங்க பேசுனா ஓட்டை போட வோணாண்ணா, ஊட்டயே காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்றாள் அவள். அதுவும் உண்மைதான். பாவா ஐயர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பீடி பிடிப்பதை அவரே பலமுறை பார்த்திருக்கிறார்.

ஆக, நான்தான் கேட்க வேண்டும்.

ஐயர் தினமும் விடிந்ததும் மலையேறுவார். கையில் ஒரு பூக்கூடை இருக்கும். நானும் குளித்துவிட்டு அவர் பின்னால் ஏறினேன். மண்டபம் வரும்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மண்டபம் வந்து போயிற்று. அடுத்த வளைவில் கேட்கலாம் என்றால், அங்கே யாரோ அவரோடு பேச வந்துவிட்டார்கள். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாளும் அதேதான். அவர் நின்றால் நானும் நிற்பேன். அவர் செருப்பில்லாத காலில் குத்திய கல்லை எடுக்கக் குனிந்தால், நானும் எதையோ தேடுவதுபோலக் குனிவேன். மூன்றாவது நாள் பாதிப் படியில் அவர் சட்டென்று திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா, எனக்கு என்ன, நிழலுக்கு ஆள் போட்டிருக்கியா? தெனமும் பின்னாலயே வர்றே. பக்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை. என்ன வேணும்?"

மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. "சாமி, ஓட்டை" என்றேன்.

"என்னது?"

"சுவத்துல. ஓட்டை போடணும் சாமி. ஒரு கை போற அளவுக்கு. இன்ஜின வெளிய வெக்கணும். மாவுல வாடை வருது. இல்லன்னா அவ ஷெட்டுக்குப் போயிடுவா. அவளுக்கு மூச்சு..." என் வாழ்க்கையில் ஒருவரிடம் நான் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஐயர் கூடையைப் பக்கத்தில் வைத்தார். "அந்தக் கிருத்திகைக்கு எங்காத்துலயும் அவகிட்டதான் மாவு வாங்கினா. தோசை கல்லுல விழுந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எத்தனை அண்டா மாவு பார்த்த மூக்கு இது."

"நீங்க திருப்பிக் குடுக்க வரலியே சாமி?"

"அத்தனை பேர் வந்து அவளைக் கேட்டுண்டிருந்தா. நானும் ஒருத்தன் போய் நிக்கணுமா? அவளும் அன்னிக்கு விரதந்தானே." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சாயங்காலம் வந்து பார்க்கறேன். நான் சொல்ற எடத்துலதான் போடணும்."

வந்து பார்த்தார். நாங்கள் கரியால் வட்டம் போட்டு வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் தலையை வேகமாக ஆட்டினார்.

"இது ஈசானிய மூலை. இங்கே ஓட்டை போட்டா வீட்டுக்கு ஆகுமா? முடியவே முடியாது." சுவரோடு நடந்து தெற்கே இரண்டு முழம் தள்ளிப் போய், முழங்கால் உயரத்தில் விரலை வைத்தார். "இங்கே போட்டுக்கோ. அப்புறம், நான் பூஜையில உக்காந்தா அது வாயை மூடிக்கணும்."

அவர் போனதும் பாவா தலையில் கை வைத்துக்கொண்டார். பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு இரும்புத் தண்டை ஓட்டை வழியாக நேரே கிரைண்டருக்கு விடுவதுதான் எங்கள் திட்டம். இன்ஜின் ஓட்டைக்கு நேராகத்தான் நிற்க வேண்டும். கிரைண்டரோ நாங்கள் வட்டம் போட்ட இடத்துக்கு நேராக இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. ஒரு பக்கம் தண்ணீர் போகும் துளை, இன்னொரு பக்கம் வாசற்கால்.

"நேரா போற தண்டு இப்போ கோணலா போவணும். இரும்புத் தண்டு இன்னா பாம்பா மச்சான், வளஞ்சி போறதுக்கு? ஐயரு சரின்னு சொன்னதும் ஒண்ணுதான், வோணான்னு சொன்னதும் ஒண்ணுதான்."

நான் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைகிற தண்டு. அதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். காரின் அடியில் முன்னாலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீளமான தண்டு இருக்கிறதே, அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு பூட்டு இருக்கும். கார் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டும் ஏறி இறங்கும். ஆனாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சிலுவை இருப்பதால்தான் தண்டு ஒடிவதில்லை. எத்தனை கார்களில் அந்தச் சிலுவையை உளி வைத்து உடைத்திருக்கிறேன். அது எதற்காக அங்கே இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பாவா, கார்ல அடியில ஒரு தண்டு..." என்று ஆரம்பித்தேன்.

நான் முடிப்பதற்குள் பாவா எழுந்து நின்றுவிட்டார். "ஒரேய்! சிலுவ! ஜாயிண்டு! மச்சான், நீ பேசவே மாட்ட, பேசுனா இப்டி பேசற!"

மறுநாள் கடையில் ஒரு பழைய காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். உளியை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஸ்பேனர், கொஞ்சம் எண்ணெய், ஒரு துணி. துருப்பிடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, மெதுவாகத் திருப்பிக் கழற்றினேன். முதலாளி குனிந்து பார்த்தார். "இன்னாடா, பிரசவம் பாக்கறியா?" என்றார். ஒரு பொருளை உடைக்காமல் நான் எடுத்தது அதுதான் முதல் தடவை. தண்டு கையில் வந்ததும் சிலுவையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் தள்ளினாலும் வளைந்து கொடுத்தது.

ஐயர் காட்டிய இடத்தில் பாவா உளியால் ஓட்டை போட்டார். ஐயரின் மனைவி ஜன்னலில் நின்று, "பெரிசாப் போட்டுடாதீங்கோ, பெருச்சாளி வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ஜின் சந்தில் நின்றது. தண்டு ஓட்டை வழியாக உள்ளே வந்து, சிலுவையில் சாய்ந்து, கிரைண்டருக்கு நேராகத் திரும்பியது. சுவரில் தண்டைச் சுற்றிக் கிழிந்த டயர் டியூபை வைத்து, பொட்டுப் புகைகூட உள்ளே வராமல் அடைத்தேன். புகைக்குழாயை ஐயர் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வரை ஏற்றிவிட்டோம்.

அமாவாசைக்கு முதல் நாள் அவள் அரிசி ஊறப்போட்டாள். கொஞ்சம்தான் போட்டாள். மறுநாளைக்கு மறுநாள் ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று, மூக்கில் கட்டும் துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அமாவாசையன்று கரண்டு தவறாமல் போயிற்று. அந்த வருஷங்களில் அதை மட்டும் நம்பலாம். பாவா சந்தில் கயிற்றை இழுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் இருமிக் கிளம்பியது. தண்டு மெதுவாகச் சுற்றியது. சிலுவை மடங்கி மடங்கி நிமிர்ந்தது. கல் சுற்றியது. அறைக்குள் சத்தம் மட்டும்தான் வந்தது.

மாவை வழித்து எடுத்ததும் அவள் கிண்ணத்தோடு தெருமுனை வரைக்கும் நடந்து போனாள். வீட்டு மூக்கை நம்பக்கூடாது என்று அவளுக்கு இப்போது தெரியும். அங்கே கொஞ்ச நேரம் நின்று காற்றை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து மாவை மோந்தாள். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. நானும் பாவாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நேரே ஐயர் வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

ஐயர் ஒரு விரலில் எடுத்து மோந்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜினைவிட என் நெஞ்சு பலமாக அடித்தது.

"உளுந்து இன்னும் ஒரு பிடி போடலாம்" என்றார். "வேற ஒண்ணும் இல்லை."

"வேற ஒண்ணும் இல்லியா சாமி?" என்றாள் அவள்.

"இல்லேங்கறேனே. எங்காத்துக்கு ரெண்டு படி எடுத்து வை."

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். முன்போல இல்லை. ஒவ்வொருவரும் மாவை வாங்கியதும் மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். "மோந்துக்கங்க, நல்லா மோந்துக்கங்க, காசில்ல" என்று பாவா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊறப்போட்டது கொஞ்சம் என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்த இரண்டு பேர் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரம் நான் சந்தில் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் அண்டாவைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அரிசி கொட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. நான் எழுந்து வாசற்படியில் நின்று பார்த்தேன். கிருத்திகைக்குப் போடுகிற அளவு அரிசி. பெரிய அண்டா வாய்வரைக்கும். இன்னொரு பாத்திரத்தில் உளுந்து. நாளைக்குக் கரண்டு எந்த நேரம் போகும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.

"காலைல பஸ்ஸு..." என்று இழுத்தேன்.

அவள் உளுந்தைக் களைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த பஸ்ஸு? இவ்ளோத்தையும் அரைக்கறது யாரு? இன்னா நின்னுகினு பாக்கறீங்க? கடை மூடறதுக்குள்ள போய் டீசல் வாங்கியாங்க."

"ஆங்" என்றேன். கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.